பேட்ரிக்கின் பனானா ரிப்பப்ளிக்

பினாங்கு பிஷப் ஸ்ட்ரீட் பக்கம் பேட்ரிக்கைத் தெரியாத வக்கீல் கிடையாது. முப்பத்தோரு வருடம் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக நின்று, தமிழில் அழுததை மலாயிலும் மலாயில் அதட்டியதைத் தமிழிலும் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப்போன மனிதர். ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை. சத்தியப் பிரமாண ஆணையர் உரிமம் வாங்கினார். ஒரு பழைய கடைவீட்டின் கீழ்த்தளத்தில், ஷஃபீக்கின் ஃபோட்டோஸ்டாட் கடையில் பாதி இடத்தைப் பிடித்து, ஒரு மேசையும் இரண்டு நாற்காலியும் போட்டுக்கொண்டார். அடையாள அட்டையைத் தொலைத்தவர், பழைய காரை விற்றவர், கணவன் விட்டுப்போனவர் என்று ஆட்கள் வந்து அவர் முன்னால் சத்தியம் செய்து கையெழுத்துப் போடுவார்கள். அவர் முத்திரை குத்துவார்.

மற்ற ஆணையர்கள் குத்துவதற்கும் பேட்ரிக் குத்துவதற்கும் வித்தியாசம் உண்டு. மற்றவர்கள் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, டப்பென்று ஒரு குத்து, அடுத்த ஆள். பேட்ரிக் முதல் வரியிலிருந்து விரலை வைத்துக்கொண்டு வருவார். சந்தேகம் வந்த இடத்தில் விரல் நிற்கும். "இது நீங்களே கண்டதா, யாரும் சொல்லிக் கேட்டதா?" என்பார். கேட்டது என்று சொன்னால் போச்சு. சிவப்புப் பேனாவால் ஓரத்தில் ஒரு கோடு இழுத்து, வக்கீலிடம் போய் மாற்றிக்கொண்டு வரச் சொல்லிவிடுவார். கண்டதற்குத்தான் சத்தியம், கேட்டதற்கெல்லாம் சத்தியம் செய்யக்கூடாது என்பது அவர் கட்சி. வக்கீல் குமாஸ்தாக்கள் பல்லைக் கடித்துக்கொண்டு படியிறங்குவார்கள்.

இத்தனை கறாரான மனிதர் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் தன்னை ஒரு கேள்வி கேட்டுக்கொண்டதில்லை. அது "பனானா ரிப்பப்ளிக்".

கெலுகோரில் அவர்கள் குடியிருந்த அடுக்குமாடியில் லிஃப்ட் நின்றால், பனானா ரிப்பப்ளிக். நாலு நாள் குழாயில் தண்ணீர் வராமல் வாளி தூக்கினால், பனானா ரிப்பப்ளிக். ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசையில் சாமியாரின் மைக் கர்ரென்று இழுத்தால்கூட, சிலுவை போட்ட கை இறங்குவதற்குள் வாய் முணுமுணுத்துவிடும். கொஞ்ச வருடத்துக்கு முன்னால் தேர்தலே இல்லாமல் பிரதமர்கள் மாறிக்கொண்டிருந்தார்களே, அப்போது கேட்க வேண்டாம். காலையில் பேப்பரைத் திறக்கும்போது ஒன்று, மூடும்போது ஒன்று, கொப்பி குடிக்கும்போது இடையில் ஒன்று. மனிதருக்கு அந்த வருடங்களில் நல்ல உற்சாகம் என்றுதான் சொல்லவேண்டும்.

அந்த வார்த்தை அவருக்கு எங்கே கிடைத்தது? வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு கொலை வழக்கு நடுவே கரண்ட் போய்விட்டது. இருட்டில் ஒரு பெரிய வக்கீல் கறுப்பு அங்கியை விசிறிக்கொண்டே வாய்க்குள் சொன்னார். இளம் பேட்ரிக்குக்கு அது பிடித்துவிட்டது. படித்தவன் திட்டு மாதிரி இருந்தது. கெட்ட வார்த்தையும் இல்லை. வாழைப்பழம் என்றால் குரங்கு, குரங்குகள் ஆள்கிற நாடு என்று தானாகவே ஒரு அர்த்தமும் பண்ணிக்கொண்டார். அகராதியைத் திறக்கவில்லை. முப்பத்தைந்து வருடம் ஓடிவிட்டது.

ஒரு புதன்கிழமை மத்தியானம் சிங்கப்பூரிலிருந்து மகள் கிறிஸ்டல் கூப்பிட்டாள். ஒரே மகள், முப்பத்திரண்டு வயது. அங்கே ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே பிரிவில் ஒன்பது வருடமாக வேலை.

"டேடி, இங்க சிங்கப்பூர் சிட்டிசன்ஷிப் அப்ரூவ் ஆயிருச்சு. மலேசியா சிட்டிசன்ஷிப்ப விடணும். வெள்ளிக்கிழம வரேன். என் பெர்த் சர்ட்டிபிகேட் ஒரிஜினல எடுத்து வைங்க."

"ம்."

"ஃபார்ம்ல கமிஷனர் முன்னால சைன் பண்ணனும். நீங்க பண்ண முடியாதுல்ல?"

"சொந்தக்காரங்களுக்குப் பண்ணக்கூடாது," என்றார் பேட்ரிக். சட்டம் கேட்டால் அவருக்குப் பதில் தானாக வந்துவிடும். அதற்குமேல் என்ன பேசினாள், இவர் என்ன சொன்னார் என்று பிறகு நினைத்துப் பார்த்தால் ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

அன்றைக்குக் கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு வீட்டுக்கு வந்தவர் உட்காரவே இல்லை. பால்கனிக்குப் போனார், வந்தார். ஃபிரிட்ஜைத் திறந்தார், மூடினார். டிவியைப் போட்டு, சத்தத்தைக் குறைத்து, அணைத்தார். மனைவி மோனிக்கா பாலர் பள்ளியில் இருபத்தாறு வருடம் பிள்ளைகளை மேய்த்தவள். பயத்தங்காயை நறுக்கிக்கொண்டே எல்லாவற்றையும் கவனித்தாள்.

"ஏங்க குட்டி போட்ட பூனை மாதிரி சுத்துறீங்க? உட்காருங்க."

"ஒனக்கு முன்னாடியே தெரியுமா?"

"சொன்னா. ஒங்ககிட்ட சொல்லப் பயந்துக்கிட்டு இருந்தா."

"எதுக்கு விடணும்? பெர்மனன்ட் ரெசிடென்ட்டா இருந்தா பத்தாதா? பொறந்த ஊரு இது."

மோனிக்கா கத்தியைக் கீழே வைத்தாள். "நீங்க சொன்னதத்தானே அவ செய்றா."

"நான் எப்ப போகச் சொன்னேன்?"

"போன்னு சொல்லல. இதெல்லாம் ஒரு நாடான்னு சொன்னீங்க. தினமும் சொன்னீங்க. ஸ்கூலுக்குக் காருல கொண்டுபோய் விடும்போது சொன்னீங்க. சாப்பிடும்போது சொன்னீங்க. இப்ப அவ நம்பிட்டா. நம்பினது அவ தப்பா?"

பேட்ரிக்குக்குச் சுருக்கென்றது. வாய் சும்மா சொன்னதுதானே என்று சொல்ல வந்தார். ஆனால் வாய் சும்மா சொன்னதைக் கையெழுத்தாக மாற்றுவதுதான் தன் பிழைப்பே என்று தோன்ற, சொல்லாமல் விட்டார். திரும்பவும் பால்கனிக்குப் போனார்.

வியாழக்கிழமை அந்த வார்த்தையைச் சொல்வதில்லை என்ற முடிவோடு கிளம்பினார். எங்கிருந்துதான் அந்த நாளுக்கு அத்தனை சோதனை வந்ததோ! லிஃப்ட் மூன்றாம் மாடியில் மூச்சை விட்டது. ஜெலுத்தோங் சாலையில் ஒரு லோரி கவிழ்ந்து கார் வரிசை நகரவில்லை. கடை வாசலில் நேற்றுவரை இருந்த சாலையைக் காணோம்; தோண்டிப் போட்டு, ஆரஞ்சு நிறக் கூம்பு நாலை நட்டுவிட்டுப் போயிருந்தார்கள். பேட்ரிக் ஒவ்வொன்றுக்கும் வாயைத் திறந்தார், மூடினார்.

ஷஃபீக் மெஷினை விட்டுவிட்டு வந்து அவர் முகத்தைப் பார்த்தான். "அண்ணே, ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

"ஏன் தம்பி?"

"ரோட்ட தோண்டிப் போட்டிருக்கான், நீங்க ஒன்னுமே சொல்லலயே லா. எனக்குப் பயமா இருக்கு."

பேட்ரிக்குக்குச் சிரிப்பு வரவில்லை. ஷஃபீக் விடவில்லை. "சரி, ரொம்ப நாளா கேக்கணும்னு. அதுக்கு அர்த்தம்தான் என்னாண்ணே? வாழைப்பழம் நெறைய வெளையிற ஊருன்னா அது நல்ல ஊருதானே?"

குரங்கு என்று ஆரம்பித்தவர் நடுவில் நிறுத்தினார். யார் சொன்னார்கள் குரங்கு என்று? கண்டதா, கேட்டதா? கண்டதும் இல்லை, கேட்டதும் இல்லை, தானாகக் கட்டிக்கொண்டது. நாற்காலியில் உட்கார்ந்து கைத்தொலைபேசியை எடுத்துத் தேடினார்.

படிக்கப் படிக்க முகம் மாறியது. அந்தப் பெயரை முதலில் வைத்தவர் ஓர் அமெரிக்க எழுத்தாளர். ஜாமீனில் வெளியே வந்து, வழக்குக்குப் பயந்து ஹோண்டுராஸ் பக்கம் ஓடிப்போய் ஒளிந்திருந்த ஆள். தலைமறைவுக் கைதியின் வாக்குமூலத்தையா இத்தனை வருடம் நாம் சாட்சியாக வைத்திருந்தோம் என்று பேட்ரிக்குக்கு முதலில் அதுதான் உறைத்தது. அடுத்தது அதைவிட மோசம். அங்கே குரங்கு ஒன்றும் ஆளவில்லை. அமெரிக்காவிலிருந்து வந்த பழக் கம்பெனிகள். ரயில் பாதை கம்பெனியுடையது, துறைமுகம் கம்பெனியுடையது, தோட்டம் கம்பெனியுடையது. கம்பெனிக்குப் பிடிக்காத அரசாங்கம் நிற்காது. ஜனங்கள் வெயிலில் வாழைத்தார் வெட்டினார்கள். பிறகு அந்த ஜனங்களின் நாட்டைப் பார்த்து, இதெல்லாம் ஒரு நாடா என்று உலகம் சிரித்தது.

பேட்ரிக்கின் அப்பா தாசேக் கெலுகோர் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுத்தவர். குடியிருந்த லயத்து வீடு கம்பெனியுடையது. கடை கம்பெனியுடையது. காய்ச்சலுக்கு மருந்து கொடுத்த டிரெஸரும் கம்பெனி ஆள்தான். அவர் மரம் வெட்டினார், அவர்கள் தார் வெட்டினார்கள். இத்தனை வருடம் யாரைப் பார்த்துச் சிரித்தோம் என்று யோசித்தபோது பேட்ரிக்குக்கு வெட்கமாகப் போய்விட்டது. எழுந்து கடைக்குள்ளேயே மேசையைச் சுற்றிச் சுற்றி நடந்தார். சத்தியம் செய்ய வந்த ஒரு சீனப் பெண்மணி, ஆணையருக்கு என்னவோ என்று வாசலிலேயே நின்றுவிட்டாள்.

ஆனால் நடக்க நடக்க ஒரு தெம்பும் வந்தது. பொய் வாக்குமூலம் கொடுத்தவன் அதைத் திரும்பப் பெறலாம், சட்டத்தில் அதற்கு இடம் உண்டு. மகளிடம் சொல்லிவிடலாம். சொன்ன ஆளே வாபஸ் வாங்கிவிட்டால் அதை நம்பிச் செய்கிற காரியம் எப்படி நிற்கும்?

வெள்ளிக்கிழமை பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில் ஒரு மணி நேரம் முன்னாலேயே போய் நின்றார். கிறிஸ்டல் ஒரு சின்னப் பையோடு வந்தாள். வீட்டுக்கு வரும் வழியில் நீண்ட கார் வரிசை. பேட்ரிக் ஸ்டியரிங்கில் விரலால் தட்டிக்கொண்டே இருந்தார். அவள் பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தாள்.

"என்ன டேடி, சொல்லலயா?"

"என்னா சொல்லல?"

"அதான், ஒங்க டயலாக்."

"விட்டுட்டேன்," என்றார். பிறகு, கேட்காமல் இருக்க முடியாமல், "அங்க இப்படி வரிசை வராதா?" என்றார்.

"போன மாசம் எம்.ஆர்.டி. ரயிலு ஒரு மணி நேரம் நின்னுச்சு. மொத்தக் கூட்டமும் பஸ்ஸுக்கு நின்னோம்."

"நீ என்னா சொன்ன?"

"ஒன்னும் சொல்லல. ஒன்பது வருஷத்துல ஒருவாட்டிகூட நான் அங்க எதையும் திட்டினதில்ல. வாய் வராது டேடி. நம்ம ஊரா என்னா, திட்டுறதுக்கு?" என்று சொல்லிவிட்டு அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பேட்ரிக்குக்கு உள்ளே ஒரு விளக்கு ஏற்றினாற்போல இருந்தது. நம்ம ஊரா என்னா! பிள்ளையின் வாயிலிருந்தே வந்துவிட்டது. அன்று பூராவும் அந்த ஒரு வரியை மனதுக்குள் திருப்பித் திருப்பிப் படித்தார்.

மறுநாள் காலை, சாப்பாட்டு மேசையில் கிறிஸ்டல் காகிதங்களைப் பரப்பினாள். குடியுரிமையைத் துறக்கும் படிவம். கூடவே, யாராவது கேட்டால் இருக்கட்டும் என்று, ஏன் துறக்கிறேன் என்பதற்கு ஒரு சத்தியக் கடிதமும் தட்டச்சு செய்து வைத்திருந்தாள். யாரும் கேட்காத காகிதத்தையும் தயார் பண்ணி வைப்பது அவள் அப்பாவின் புத்தி. பேட்ரிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். மோனிக்கா அடுக்களை வாசலிலேயே நின்றாள்.

விரல் முதல் வரியிலிருந்து கிளம்பியது. பெயர் சரி. பிறந்த இடம் ஜார்ஜ்டவுன், சரி. நாலாவது பத்தியில் விரல் நின்றது. இந்த நாட்டில் நிலையான ஆட்சி இல்லை, எதிர்காலமும் இல்லை என்று எழுதியிருந்தது.

அவர் வேண்டுமென்று கேட்கவில்லை. விரல் நின்றால் வாய் கேட்கும், அவ்வளவுதான். "இது நீ கண்டதா, யாரும் சொல்லிக் கேட்டதா?"

கிறிஸ்டல் குனிந்து அந்த வரியை மறுபடி படித்தாள்.

"கேட்டதுதான்."

"யாரு சொல்லி?"

"நீங்கதான் டேடி. எனக்கு நெனவு தெரிஞ்சதுலருந்து."

பேட்ரிக் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். இரண்டு நாளாகச் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் கொட்டினார். ஓடி ஒளிந்த எழுத்தாளர், பழக் கம்பெனி, ரயில் பாதை, தாத்தாவின் லயம், எல்லாம். "அர்த்தம் தெரியாமச் சொல்லிட்டேன் கிறிஸ். குரங்கு ஆளுற நாடுன்னு நெனச்சுச் சொன்னேன். எனக்குக் கோவம் வந்தா அது ஒரு வார்த்த, அவ்வளவுதான். போவணும்னு நான் ஒருநாளும் நெனச்சதில்ல. அத வாபஸ் வாங்கிக்கிறேன்மா."

கடைசி வார்த்தை உடைந்துதான் வந்தது. கோர்ட்டில் எத்தனையோ பேர் அழுகையை மொழிபெயர்த்தவர், தன் அழுகைக்கு எந்த மொழியும் வராமல் மேசைத் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கிறிஸ்டல் அவர் சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தாள். நாலாவது பத்தியை முழுக்க அடித்தாள். "சரி. கேட்டத எடுத்தாச்சு."

பேட்ரிக் நிமிர்ந்தார். ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தார் பாவம்.

"இப்ப கண்டதச் சொல்றேன். எழுதிக்கிறீங்களா?" என்றாள் அவள். குரலில் கோபம் இல்லை. "எனக்கு அந்த வேல புடிச்சிருக்கு. ஒன்பது வருஷமா அங்கதான் சமைக்கிறேன், காய்ச்சல் வந்தா அங்கதான் படுத்திருக்கேன். பக்கத்து வீட்டு ஆன்ட்டிகிட்ட என் வீட்டுச் சாவி இருக்கு. இங்க வந்தா மம்மி அலமாரிலருந்து புதுத் துவாலை எடுத்துத் தராங்க. நேத்துக்கூடத் தந்தாங்க. விருந்தாளிக்குத் தர துவாலை, டேடி. இது கண்டதா, கேட்டதா?"

மோனிக்கா முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். பேட்ரிக் எழுந்து பால்கனி வரைக்கும் போய்த் திரும்பி வந்தார். இத்தனை வருடம் ஊரையே ஆட்டிவைத்த கேள்வி. மகளுக்கு மட்டும் வேறு நியாயம் எப்படிச் சொல்வார்?

"கண்டது," என்றார்.

அடித்தல் திருத்தல் உள்ள காகிதம் செல்லாது என்று அவரேதான் சொன்னார். அவரேதான் ஷஃபீக்கை எழுப்பி, சனிக்கிழமை காலையில் கடையைத் திறக்கவைத்து, புதிதாக அடித்து எடுத்தார். நாலாவது பத்தியில் இப்போது வேலையும் சாவியும் இருந்தன. துவாலையை விட்டுவிட்டார்கள்.

இரண்டு தெரு தள்ளி இருந்த இன்னோர் ஆணையர் முனுசாமியிடம் மகளைக் கூட்டிக்கொண்டு போனார். முனுசாமி யாருடனோ தொலைபேசியில் பேசிக்கொண்டே கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். முத்திரையைத் தூக்கினார்.

"அண்ணே, ஒரு வரியாச்சும் படிங்கண்ணே," என்றார் பேட்ரிக்.

"நீயே கூட்டியாந்திருக்க. நான் என்னத்தப் படிக்கிறது?" டப்பென்று ஒரு குத்து. பேட்ரிக்கின் நாக்கு நுனிவரை அந்த வார்த்தை வந்தது. கஷ்டப்பட்டு விழுங்கினார்.

கிறிஸ்டல் ஞாயிற்றுக்கிழமை போய்விட்டாள். ஆனால் பேட்ரிக்கிடம் ஒரு பிடி மிச்சம் இருந்தது. அதை மோனிக்காவிடம் சமயம் கிடைத்தபோதெல்லாம் சொன்னார். "பேப்பர் கெடக்கட்டும். அவளுக்கு அந்த ஊரத் திட்ட வாய் வரல, தெரியுமா? திட்ட வராத ஊர்ல எத்தன நாளைக்கி இருப்பா? பாரு, ஒருநா திரும்பி வந்து இங்க நின்னு கத்துவா."

மோனிக்கா பயத்தங்காய் இருந்தால் நறுக்குவாள்.

பேட்ரிக் சுற்றுவது மட்டும் நிற்கவில்லை. தொலைபேசி மணி அடித்தால் எடுப்பதற்குள் இரண்டு முறை எழுந்து உட்காருவார். மகள் கூப்பிடும்போதெல்லாம் அங்கே எல்லாம் ஒழுங்காக நடக்கிறதா, ரயில் ஓடுகிறதா, மழையில் ஒழுகுகிறதா என்று விசாரிப்பார். எல்லாம் ஓக்கே டேடி என்பாள். அவள் குறை சொல்லாமல் வைத்துவிட்டால் இவருக்கு நிம்மதி, அன்றைக்கு ஒரு தட்டுச் சோறு கூடுதலாகவே இறங்கும்.

ஏழு மாதம் கழிந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அடையாள அட்டையைத் தொலைத்த ஒரு மலாய்ப் பெரியவரின் காகிதத்தில் பேட்ரிக்கின் விரல் மூன்றாவது வரியில் இருந்தது. மேசைமேல் தொலைபேசி அதிர்ந்தது. கிறிஸ்டலிடமிருந்து செய்தி.

"டேடி, ட்ரெயின் டன்னல்ல நின்னு முக்கா மணி நேரம் ஆச்சு. ஏர்கான் இல்ல. எனக்கு இன்னிக்கி எட்டு பேஷன்ட். ஒரு அறிவிப்பும் இல்ல. பனானா ரிப்பப்ளிக் லா!"

பக்கத்தில் மூன்று சிரிக்கும் முகங்கள்.

பேட்ரிக் அதைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார். விரல் காகிதத்தை விட்டு நழுவிவிட்டது. எந்த வரியில் நின்றோம் என்று தெரியவில்லை. மலாய்ப் பெரியவர் பொறுமையாகக் காத்திருந்தார்.

ஷஃபீக் மெஷினுக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்தான். "என்னாண்ணே, எதாச்சும் பிரச்சினையா?"

"ஒன்னுமில்ல தம்பி. கிறிஸ்தான். ஊரத் திட்டி எழுதியிருக்கா."

"அங்க போயுமா நம்ம ஊரத் திட்டுது?"

"நம்ம ஊர இல்ல தம்பி," என்றார் பேட்ரிக். "அவ ஊர."